மர்ச்சிசன் அருவிக்கு ஒரு பயணத் திட்டமும் கொஞ்சம் பழங்கதையும்

டிசம்பர் லீவுக்கு எங்கே போவது என்ற பஞ்சாயத்து எங்கள் வீட்டில் ஆகஸ்டிலேயே ஆரம்பித்துவிடும். வதோதராவுக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதில் பத்து டிசம்பர் நவஜீவன் எக்ஸ்பிரஸில்தான் போனது. இந்த வருஷம் பையன் கொடி பிடித்துவிட்டான். அவனுக்கு ஆப்பிரிக்கா போய் சிங்கம் பார்க்க வேண்டுமாம். "சிங்கம்னா நம்ம கிர் காடு ராத்திரி பஸ் தூரம்தானேடா" என்று சொல்லிப் பார்த்தேன். தங்கமணியும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டதால் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் குடியிருப்பில் ஆப்பிரிக்கா என்றால் எல்லாருக்கும் கென்யாதான், மசாய் மாராதான். நான் உகாண்டா பக்கம் திரும்பியதற்குக் காரணம் மூன்றாவது மாடியில் இருக்கும் பா. (குஜராத்தியில் 'பா' என்றால் பாட்டி, அம்மா, பெரியவர் எல்லாம்தான்.) எழுபத்தேழு வயது. பிறந்து வளர்ந்தது உகாண்டாவின் ஜின்ஜா ஊரில். கத்தியை இன்றும் 'கிசு' என்பார், துடைப்பத்தை 'ஃபாகியோ' என்பார், மரவள்ளிக்கிழங்கு 'மோகோ'. எல்லாம் சுவாஹிலி வார்த்தைகள். அவருடைய மருமகளுக்கே பாதி புரியாது. பையன் ஆப்பிரிக்கா என்றதைக் கேட்டதும் பா சொன்னது ஒரே வரி: "போனா மர்ச்சிசன் போங்க. நைல் நதியை ஒரு கதவு இடுக்குல நுழைச்ச மாதிரி இருக்கும்." அவர் அதைப் பார்த்தது 1969-ல், கல்யாணமான புதிதில்.

அன்று ராத்திரி விமானம், லாட்ஜ், வண்டி வாடகை என்று கணக்குப் போட உட்கார்ந்தவன், நாலு நாளாக வரலாற்றில் விழுந்து கிடக்கிறேன். ஆபீஸ் வேலை அப்படியே நிற்கிறது.

முதலில் இடம் எது என்று சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ஏரியிலிருந்து ஜின்ஜாவில் வெளியேறும் நைல், வடக்கே போய், கியோகா ஏரியைக் கடந்து, மேற்கே திரும்பி ஆல்பர்ட் ஏரிக்குப் போகிறது. அந்த ஏரியை அடைவதற்குக் கொஞ்ச தூரம் முன்னால்தான் இந்த அருவி. அகலமாக வருகிற ஆறு சுமார் 7 மீட்டர் பாறைப் பிளவுக்குள் நுழைந்து 43 மீட்டர் கீழே விழுகிறது. ஒரு டவுன் பஸ்ஸைக் குறுக்கே நிறுத்தினால் இரண்டு பக்கப் பாறையிலும் இடிக்கும். குற்றாலம், ஒகேனக்கல் மாதிரி பரந்து விழுகிற அழகு இல்லை இது. பெரிய கூட்டத்தைச் சின்ன வாசல் வழியாக வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு மூர்க்கம். அதைச் சுற்றி 3,800 சதுர கிலோமீட்டருக்கும் மேல் தேசியப் பூங்கா. உகாண்டாவில் இதுதான் பெரியது. தலைநகர் கம்பாலாவிலிருந்து மசிண்டி வழியாக ஏறக்குறைய 300 கி.மீ.

இனி பெயருக்கு வருகிறேன். மர்ச்சிசன் என்பவர் லண்டனில் ராயல் புவியியல் கழகத்தின் தலைவர், நிலவியல் அறிஞர். இந்த அருவியை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அவர் பெயரை வைத்தவர் சாமுவேல் பேக்கர். இந்த ஆளைப் பற்றிப் படிக்கும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால் இவர் ஆப்பிரிக்காவுக்கு முன்னால் வாழ்ந்த இடம் நமக்குத் தெரிந்த இடம், இலங்கையின் நுவரெலியா!

1840களின் கடைசியில் பேக்கர் அங்கே போய், குளிரான மலையில் ஒரு இங்கிலாந்துக் கிராமத்தையே நட்டுவிடலாம் என்று முயன்றார். பசுக்கள், வேட்டை நாய்கள், வேலைக்கு ஆட்கள் எல்லாம் கப்பலில் வந்து இறங்கின. தேயிலையும் அதற்காக வந்த நம் சனங்களின் லயன் வீடுகளும் அந்த மலையை நிறைப்பதற்குப் பல வருஷம் முந்திய கதை இது. விவசாயம் ஒரு பக்கம் நடக்க, அவர் மனம் முழுக்க யானை வேட்டையில் இருந்தது. இலங்கை வேட்டையைப் பற்றி 1853-ல் ஒரு புத்தகம், 1855-ல் இன்னொன்று. ஆக, நைல் கரைக்கு வந்து சேர்ந்த துப்பாக்கி நம் பக்கத்து யானைகளைச் சுட்டுப் பழகிய துப்பாக்கி.

மனைவி இறந்த பிறகு அவர் ஐரோப்பாவில் சுற்றினார். அங்கேயும் ஒரு இந்தியத் தொடர்பு வந்து ஒட்டிக்கொள்கிறது. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்குடன் டான்யூப் நதியில் வேட்டைப் பயணம் போனபோது, 1859-ல், விதின் என்ற ஊரில் (இன்று பல்கேரியா) அடிமைகளை விற்கும் இடத்தில் ஒரு இளம்பெண்ணைப் பார்த்தார். ஏலத்தில் தோற்று, காவலாளிகளுக்குக் காசு கொடுத்து அவளைக் கூட்டிக்கொண்டு தப்பினார் என்று சொல்கிறார்கள். அந்தப் பெண்தான் ஃபுளோரன்ஸ். சினிமா எடுத்தால் நம்ப மாட்டோம்.

இருவரும் நைல் வழியே தெற்கே வந்தார்கள். 1863 பிப்ரவரியில் கொண்டோகோரோ என்ற இடத்தில், எதிரே விக்டோரியா ஏரியைக் கண்டுவிட்டு வந்துகொண்டிருந்த ஸ்பீக்கும் கிராண்டும் கிடைத்தார்கள். "எல்லாத்தையும் நீங்களே கண்டுபிடிச்சுட்டா எனக்கு என்ன மிச்சம்?" என்ற பேக்கருடைய ஏக்கத்துக்கு, மேற்கே இன்னொரு ஏரி இருப்பதாக அவர்கள் ஒரு துப்புக் கொடுத்தார்கள். அதைத் தேடிக் காய்ச்சலிலும் பட்டினியிலும் ஒரு வருஷம் போனது. வழியில் புன்யோரோ ராஜ்யம். அங்கே ராஜா என்று சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்தவர், போவதென்றால் ஃபுளோரன்ஸை விட்டுவிட்டுப் போ என்றாராம். பேக்கர் கைத்துப்பாக்கியை உருவ, ஃபுளோரன்ஸ் எழுந்து அவரைக் கிழிகிழி என்று கிழிக்க, விஷயம் அடங்கியது. அவர் ராஜா கமுராசியே இல்லை, ராஜாவின் தம்பி என்பது பின்னால்தான் தெரிந்தது. துப்பாக்கியோடு வந்த அந்நியன் முன்னால் ராஜா நேரில் வராதது எனக்குப் புத்திசாலித்தனமாகத்தான் படுகிறது.

வெயில் தாக்கி ஃபுளோரன்ஸ் நாள்கணக்கில் நினைவிழந்து கிடந்து பிழைத்த பின், 1864 மார்ச் 14-ல் ஏரியைப் பார்த்தார்கள். அங்கிருந்தவர்கள் அதற்கு வைத்திருந்த பெயருக்கு 'வெட்டுக்கிளியைக் கொல்வது' என்று பொருள். பேக்கர் விக்டோரியா ராணியின் இறந்துபோன கணவர் பெயரை வைத்தார், ஆல்பர்ட். அங்கிருந்து பதிமூன்று நாள் மரக்கலத்தில் ஏரிக்கரையோரமாக வடக்கே போய், நைல் வந்து சேரும் இடத்தில் ஆற்றில் ஏறினால் இந்த அருவி. அதற்கும் ஒரு பெயர் வைத்தாயிற்று. பேக்கருக்குத் தங்கப் பதக்கம், 1866-ல் சர் பட்டம். ஃபுளோரன்ஸை விக்டோரியா ராணி அரண்மனையில் பார்க்கவே மறுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்து பயணம் செய்தவர்களாயிற்றே!

கதை இங்கே முடிந்திருந்தால் நான் லாட்ஜ் புக் பண்ணியிருப்பேன். 1872-ல் பேக்கர் திரும்பி வந்தார். இந்த முறை எகிப்து மன்னருக்காக, படையோடு. மசிண்டியில் கொடியேற்றி, புன்யோரோ இனி எகிப்தின் பகுதி என்று அறிவித்தார். அப்போது அங்கே ராஜா கமுராசியின் மகன் கபலேகா, இளைஞர். சில வாரங்களில் சண்டை மூண்டு, பேக்கர் தன் முகாமைத் தானே கொளுத்திவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டே பின்வாங்கினார். பிறகு தன் புத்தகத்தில் கபலேகாவைத் துரோகி, கோழை என்றெல்லாம் திட்டித் தீர்த்திருக்கிறார். வீட்டுக்குள் வந்து கொடி நட்டவனை விரட்டியவர் எப்படித் துரோகி ஆவார் என்று பேக்கர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வரலாற்றில் ரொம்ப நாளைக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது.

1893 கடைசியிலிருந்து பிரிட்டிஷார் நேராகவே புன்யோரோமீது படையெடுத்தார்கள். கபலேகா நைலுக்கு வடக்கே போய் ஐந்து வருஷத்துக்கு மேல் மறைந்திருந்து போரிட்டார். 1899 ஏப்ரலில் குண்டடி பட்டுப் பிடிபட்டார், ஒரு கை போயிற்று. கப்பலில் ஏற்றி சேஷெல்ஸ் தீவுக்கு அனுப்பினார்கள். கட்டபொம்மன் கதையில் கயிறு, இங்கே கடல். இருபத்து நாலு வருஷம் தீவில் இருந்த கிழவருக்கு 1923-ல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. திரும்பும் வழியில், சொந்த மண்ணுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே இறந்தார். இறந்த இடம் ஜின்ஜா, நம்ம பாவின் ஊர்.

பாவின் குடும்பம் எப்படி அங்கே போனது என்பதற்கும் இதே வருஷங்கள்தான் விடை. 1896-லிருந்து 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரிவரை ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து கிட்டத்தட்ட 32,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் பஞ்சாபிகள். இரண்டாயிரத்தைந்நூறு பேர்போல அங்கேயே இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் ஒப்பந்தம் முடிந்து திரும்ப, ரயில் திறந்துவிட்ட பாதையில் குஜராத்தி வியாபாரிகள் உள்ளே போனார்கள். உப்பு, துணி, பிறகு பருத்தி ஆலை, பிறகு சர்க்கரை ஆலை. 1924-ல் லுகாசியில் சர்க்கரை ஆலை ஆரம்பித்த நான்ஜி காளிதாஸ் மேத்தா போர்பந்தர் பக்கத்துக்காரர். 1948-ல் காந்தியின் அஸ்தியில் ஒரு பகுதியை ஜின்ஜாவில் நைல் புறப்படும் இடத்தில் கரைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் தன் அப்பா இருந்தார் என்று பா சொல்வார். அதே தண்ணீர்தான் மர்ச்சிசனுக்குப் போகிறது.

பூங்கா உண்டான கதைதான் என்னை ரொம்பக் குடைந்தது. சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்களில் 'மனிதக் கால் படாத ஆப்பிரிக்கா' என்று போட்டிருப்பார்கள். சுத்தப் பொய். அங்கே ஊர்கள் இருந்தன. மீன் பிடித்தார்கள், தினை விதைத்தார்கள். போரும் பஞ்சமும் பாதிப் பேரைக் கொண்டுபோன பின், தூக்க நோய் வந்தது. ட்சே ட்சே ஈ கடித்துப் பரவும் நோய். விக்டோரியா ஏரிக்கரையில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல் இறந்தார்கள். நோயைத் தடுக்க, 1907-லிருந்து 1912-க்குள் அருவியைச் சுற்றி சுமார் 13,000 சதுர கிலோமீட்டரில் இருந்த மக்களைக் கூண்டோடு வெளியேற்றியது காலனி அரசு. காலியான இடத்தில் விலங்குகள் பெருகின. 1910-ல் அது வேட்டைக் காப்பிடம், 1928-ல் நைலுக்கு வடக்கேயும் நீட்டிப்பு, 1952-ல் தேசியப் பூங்கா. வெளியே போனவர்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. பாதி அரசு ஆணையும் பாதி ஒரு ஈயும் சேர்ந்து உண்டாக்கிய பூங்கா இது.

அந்த ஈ இன்னும் இருக்கிறது. கருநீலம், கறுப்பு நிற உடை போட்டால் தேடி வந்து கடிக்கும் என்கிறார்கள். தங்கமணி ஜீன்ஸையெல்லாம் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டாள்.

ஊர்கள் காலியாகிக்கொண்டிருந்த 1907-லேயே காலனித் துறைத் துணை அமைச்சராக இருந்த சர்ச்சில் வந்து அருவியைப் பார்த்துவிட்டுப் போனார், வழியில் முதலை சுட்டார், அடுத்த வருஷம் புத்தகமும் போட்டுவிட்டார். 1954 ஜனவரியில் ஹெமிங்வே வந்த கதை இன்னும் வேடிக்கை. மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக விமானத்தில் அருவியைச் சுற்றிக் காட்டப் போய், பறவைக் கூட்டத்தைத் தவிர்க்கத் தாழ்ந்த விமானம் ஒரு பழைய தந்திக் கம்பியில் மாட்டி விழுந்தது. யானைகள் நடுவே ஒரு ராத்திரி. மறுநாள் ஒரு படகு ஏற்றிக்கொண்டு போக, ஏரிக்கரையில் அவர்களைக் கூட்டிப்போக வந்த இரண்டாவது விமானம் கிளம்பும்போதே தீப்பிடித்தது! உலகமே அவர் இறந்துவிட்டதாகச் செய்தி போட, மனிதர் தன் இரங்கல் கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் நோபல் கிடைத்தும் போய் வாங்கும் நிலையில் உடம்பு இல்லை.

1962-ல் பெருவெள்ளம். ஆறு பக்கத்தில் இன்னொரு வழியை உடைத்துக்கொண்டு இரண்டாவது அருவியாக விழுந்தது. அந்த அக்டோபரில் உகாண்டாவுக்குச் சுதந்திரம். அதனால் அதற்கு உகுரு அருவி என்று பெயர்; சுவாஹிலியில் உகுரு என்றால் விடுதலை. இந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.

பா பார்த்த 1969-ல் யானைகள் 'மேய்ச்சலுக்குப் போற எருமைக் கூட்டம் மாதிரி' இருந்தனவாம். மிகையில்லை. வெளியே விளைநிலங்கள் நெருக்க, பூங்காவுக்குள் ஒதுங்கிய யானைகள் மரங்களை உரித்துக் காட்டையே புல்வெளி ஆக்கிவிட்டன. 1965-லிருந்து 67-க்குள் ஏறத்தாழ 2,000 யானைகளை அதிகாரிகளே சுட வேண்டியிருந்தது. அப்படியும் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தன.

பிறகு இடி அமீன். 1972 ஆகஸ்டில் ஆசியர்கள் தொண்ணூறு நாளில் வெளியேற வேண்டும் என்று உத்தரவு. பருத்தி ஆலையில் கணக்கெழுதிய கணவர், இரண்டு வயதுக் குழந்தை, மூன்று பெட்டி. என்டெபே போகும் வழியில் சோதனைச் சாவடிகளில் அதில் இரண்டு போயிற்று. பா இதைச் சொல்லும்போது குரல் மாறாது. போட்டோ ஆல்பம் போன பெட்டியில் இருந்தது என்று சொல்லும்போது மட்டும் மாறும்.

அதே அமீன் ஆட்சியில்தான் அருவிக்கும் பூங்காவுக்கும் கபலேகா என்று பெயர் மாற்றினார்கள். ஆல்பர்ட் ஏரிக்கு மொபூட்டு பெயர், எட்வர்ட் ஏரிக்கு அமீன் தன் பெயரையே வைத்துக்கொண்டார்! கபலேகாவுக்கு மரியாதை நியாயமானதுதான், கொடுத்த கைதான் சரியில்லை. அந்தப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் சிப்பாய்கள் யானைகளை இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தந்தம் விற்றார்கள். 1979-ல் அமீன் ஓடியதும் பழைய பெயர் திரும்பியது. சுடுவது நிற்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் யானைகள் சில நூறுதான். காண்டாமிருகம் 1980களிலேயே நாட்டில் ஒன்றுகூட இல்லை. வடக்கே கலகப்படையின் ஆட்டம். 2005 நவம்பரில்கூடப் பூங்காவுக்குள் ஒரு பிரிட்டிஷ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2006-க்குப் பிறகு அந்தப் படை உகாண்டாவை விட்டுப் போய்விட்டது, தைரியமாகப் போகலாம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

யானைகள் மீண்டும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. போகும் வழியில் சீவா என்ற இடத்தில் 2005-லிருந்து வெள்ளைக் காண்டாமிருகங்களை வளர்க்கிறார்கள். கென்யாவிலிருந்து வந்த அப்பாவுக்கும் அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாவுக்கும் 2009-ல் முதல் கன்று பிறந்தது. பெயர் ஒபாமா. :-)

தள்ளிப்போடாமல் போக வேண்டும் என்று தோன்றியதற்கும் காரணம் இருக்கிறது. இந்த ஆற்றின் அருவிகள் ஒவ்வொன்றாக மின்சாரமாகிக்கொண்டு வருகின்றன. ஸ்பீக் பார்த்த ரிப்பன் அருவி 1954-ல் திறந்த ஓவன் அணையில் மூழ்கியது. புஜகாலி 2011 வாக்கில் போனது. கருமாவில் 600 மெகாவாட் நிலையம் 2024-ல் திறந்தாயிற்று. 2019-ல் உகுரு அருவியிலேயே 360 மெகாவாட்டுக்கு ஒரு நிறுவனம் விண்ணப்பம் போட, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அரசு முதலில் இல்லை என்றது, அந்த வருஷக் கடைசியில் ஆய்வு மட்டும் செய்யலாம் என்றது. இதற்கிடையே 2006-ல் ஆல்பர்ட் ஏரிப் பக்கம் எண்ணெய் கிடைத்து, பூங்காவுக்குள்ளேயே 2023-லிருந்து கிணறு தோண்டுகிறார்கள். தான்சானியாவின் டாங்கா துறைமுகம்வரை 1,443 கி.மீ. குழாய். பாராவில் பா ஏறிய படகுத்துறைக்குப் பதில் இப்போது நைல்மேல் பாலம், தார் ரோடு. மின்சாரம் இல்லாத ஊர்க்காரனிடம் அருவியைக் காப்பாற்று என்று நான் ஏசி அறையில் உட்கார்ந்து சொல்ல முடியாது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

சரி, திட்டம். டிசம்பர், ஜனவரி மழை குறைவு. விலங்குகள் தண்ணீருக்கு வரும் காலம். மும்பையிலிருந்து என்டெபேக்கு நேர் விமானம் 2023-ல் தொடங்கினார்கள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் சீவா வழியாகப் பூங்கா. மறுநாள் காலை வடகரையில் சிங்கம், ஒட்டகச்சிவிங்கி. மதியம் பாராவிலிருந்து பதினேழு கி.மீ. மேலே அருவியடிக்குப் படகு. அங்கே இறங்கி மேலே ஏறும் பாதையில் நடந்தால் அந்தப் பிளவின் விளிம்புக்கே போகலாமாம். கடைசி இரண்டு நாள் ஜின்ஜா. சைவச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, கம்பாலாவில் நம்மவர் ஓட்டல்கள் உண்டு. தெருவில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டி 'ரோலக்ஸ்' என்று விற்கிறார்கள். ஆளைத் துரத்தினாலும் சப்பாத்தியைத் துரத்த முடியவில்லை.

மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம், மறந்துவிடாதீர்கள். அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான் போடுவார்கள் (சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்). போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள்வரை தனியே வைத்துவிடுவார்கள்.

நேற்று மாடிக்குப் போய், "பா, நீங்களும் வாங்களேன்" என்றேன். சிரித்துவிட்டு, ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஜின்ஜாவில் அவர் வீட்டுக்குப் போகும் வழியை வரைந்து கொடுத்தார். சந்தை, ரயில் தண்டவாளம், குருத்வாரா, ஒரு மாமரம். 1990களில் அரசு சொத்துகளைத் திருப்பிக் கொடுத்தபோது இவர்கள் கேட்டுப் போகவில்லையாம். "வீட்டுக்குள்ள போகாதே, இருக்கறவங்க பயந்துடுவாங்க. வெளியில நின்னு ஒரு போட்டோ எடு. யானையையும் எடு" என்றார்.

வெள்ளிக்கிழமை ஊசி போடப் போகிறோம். பையனிடம் இன்னும் சொல்லவில்லை.